விற்க முடியாத நிலம் வேண்டும்

விருத்தாசலம் என்றால் பழைய மலை. திருமுதுகுன்றம் என்றாலும் அதேதான் பொருள். பெயரில் இருக்கிற மலை ஊரில் கிடையாது. இங்கே இருப்பதெல்லாம் களிமண்ணும் சூளையும் பீங்கான் தொழிற்பேட்டையும் ரயில் ஜங்ஷனும். மலை மேற்கே, கள்ளக்குறிச்சி தாண்டி நிற்கிறது. அதன் பெயர் கல்வராயன். அந்த மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் மணிமுத்தாறு என்று பேர் வாங்கி நம் கோயில் மதிலோரமாக ஓடுகிறது. மாசிமகத்தன்று அதில் முழுக்குப்போட எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது. தண்ணீர் புண்ணியம். தண்ணீர் புறப்படுகிற இடத்தில் இருக்கிற மனிதர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இந்த ஊருக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும்: சாராயம், செம்மரம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், நம்ம ஜனங்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் விளைவதில்லை, தொழிற்சாலையில் செய்வது. ஆனால் போலீஸ் ஏறியது மலைக்கு. ஊறலை உடைத்தார்கள், பானையை உடைத்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் நாடு கண்டுபிடித்த மாதிரி பேப்பரில் வந்தது. செத்தால் 10 லட்சம் தருகிற அரசாங்கத்திடம், உயிரோடு இருக்கிறவன் பத்து சென்ட் நிலத்துக்குப் பேப்பர் கேட்டால் என்ன பதில் வரும்? இந்தக் கட்டுரை அந்தப் பேப்பரைப் பற்றியது.

அந்தச் சமயத்தில் ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் ஒருத்தர் சொன்னார். நாலு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறவர், கெட்ட மனுசர் இல்லை. "மலைசாதிக்கு நெலத்தக் குடுத்தா என்னா பண்ணுவான்? ரெண்டு வருசத்துல வித்துட்டுக் குடிச்சிடுவான். அதுக்குப் பாரஸ்டுக்காரன் கையிலயே இருக்கட்டும்." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இதையே ஏசி அறையில் அதிகாரிகள் வேறு தமிழில் சொல்கிறார்கள். இதையேதான் நூறு வருசமாக நம்மைப் பற்றியும் சொல்லி வருகிறார்கள். பறையனுக்கு நிலம் தங்காது, சக்கிலியனுக்கு வெள்ளாமை வராது. தங்கவிட்டவன் யார், பிடுங்கினவன் யார் என்கிற கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

மலைக்கணக்கை முதலில் எடுப்போம்.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று பாளையக்காரர்கள். மலையாளிக் குடிகள் (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிற மலையாளி) ஏர் வைத்திருந்தால் ஏருக்கு இவ்வளவு, கொத்து வைத்திருந்தால் கொத்துக்கு இவ்வளவு என்று பாளையத்துக்குக் கட்டினார்கள். உழவுக்காடு, கொத்துக்காடு என்று நிலத்துக்கே பேர் அப்படித்தான். மாடு பூட்டி உழ முடிந்த சமதரை உழவுக்காடு. சரிவில், கல்லுக்கு நடுவில் கையால் கொத்தி சாமையும் தினையும் தூவுகிற இடம் கொத்துக்காடு. அளந்து கல் நட்ட நிலம் கிடையாது. யார் வெட்டித் திருத்தினார்களோ அவர்களுடையது, அப்புறம் அவர்கள் பிள்ளைகளுடையது. வெள்ளைக்காரன் போய், குடியரசு வந்து, ஜமீன் ஒழிந்து, இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்த பிறகும் ஜாகீர் அசையவில்லை. கோர்ட், வழக்கு என்று இழுத்து 1976இல், அவசரநிலைக் காலத்தில்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சுதந்திரம் வந்து 29 வருசம் ஒரு மலை முழுக்க மூன்று குடும்பத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்தது. இதை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம்?

சரி, ஜாகீர் போனதே, நிலம் குடிகளுக்கு வந்ததா என்றால், இல்லை. ஜாகீர்தார் எழுந்த நாற்காலியில் வனத்துறை உட்கார்ந்தது. 1882ஆம் வருசத்து மதராஸ் வனச்சட்டத்தை வைத்துக்கொண்டு, எந்த நிலத்துக்கு எவனிடம் காகிதம் இல்லையோ அது சர்க்கார் நிலம் என்கிற தர்க்கத்தோடு வந்தது. கொத்துக்காட்டுக்கு யார் காகிதம் கொடுப்பார்கள்? பாட்டன் கொத்தின சரிவில் பேரன் கொத்தினால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. நமக்குத் தெரிந்த வார்த்தைதான் இது. சேரிக்காரன் குடிசை போட்டிருக்கிற இடம் புறம்போக்கு, மலைக்காரன் சாமை விதைத்திருக்கிற இடம் காப்புக்காடு. ரெண்டிலும் உழைத்தவனுக்கு 'ஆக்கிரமிப்பாளன்' என்று பட்டம்.

உயிர் உடைமைக்குப் பாதுகாப்பு என்று அரசாங்கம் அடிக்கடி சொல்லும். அந்தப் பாதுகாப்பு மலைக்கு ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரம், தர்மபுரி மாவட்டம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலையாளிக் கிராமத்துக்குள் புகுந்தது. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தொரு வருசம். அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள், அதனால் அந்தத் தீர்ப்பு கிடைத்தது. நான் இங்கே கேட்பது வேறு கேள்வி. கிணற்றையும் தானியத்தையும் அழித்தவர்களுக்கு, அது ஒருத்தருடைய உடைமை என்று ஏன் தோன்றவில்லை? காகிதத்தில் இல்லாத உடைமை அவர்கள் கண்ணுக்கு உடைமையாகத் தெரியாது. அது 'வனத்துக்குள் இருக்கும் பொருள்'. அவ்வளவுதான்.

நிலத்தில் நிற்க முடியாதவன் இறங்கிப் போகிறான். குடகுக்கு மிளகு பறிக்க, கேரளத்துக்குக் கூலிக்கு, ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுப்போட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணம் மிதந்தது. அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்துக்காரர்கள். சொந்த மலையில் கடுக்காய் பொறுக்கினால் கேஸ், அடுத்தவன் மலையில் மரம் வெட்டினால் குண்டு.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். குறிஞ்சித் திணையை ரெண்டு வருசம் படித்தோம். புணர்தலும் புணர்தல் நிமித்தமும். தலைவி தினைப்புனம் காக்கிறாள், கிளி ஓட்டுகிறாள், தலைவன் யானையைத் துரத்திக்கொண்டு வருகிறான். உள்ளுறை என்ன, இறைச்சி என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். அந்தப் புனம் யாருடையது என்று ஒரு நாள்கூட ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காட்டை எரித்து விதைத்து, ரெண்டு மூன்று போகம் எடுத்து, மண் களைத்ததும் விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போகிற வெள்ளாமை அது. அந்த நிலத்துக்கு வரப்பு கிடையாது. சங்க இலக்கியத்தில் வந்தால் அழகு, மலையாளி செய்தால் காடழிப்புக் குற்றம்.

இந்த வரப்பில்லாத நிலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் தூரம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. இந்தோனேசியா வரைக்கும். சிரிக்காதீர்கள். ராஜேந்திரன் 1025இல் கப்பலேறிப்போய்க் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் அடித்தான் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற தமிழன், அந்த நாட்டுக் குடியானவன் எப்படி நிலம் வைத்திருந்தான், எப்படி இழந்தான் என்று கேட்டதே இல்லை. ஸ்ரீவிஜயம் இருந்த சுமத்ரா உட்பட அந்தத் தீவுகளைப் பிடித்து ஆண்ட டச்சுக்காரன் 1870இல் ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தான். உரிமையை நிரூபிக்க முடியாத நிலம் எல்லாம் அரசுடைமை என்பது அதன் சாரம். நம் வனச்சட்டத்துக்குப் பன்னிரண்டு வருசம் மூத்தது. ரெண்டு வெள்ளைக்காரனுக்கும் ஒரே மூளை. சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே காடு அரசின் காடுதான். வழிவழியாக வாழும் சமூகங்களின் காடு அரசுக்காடு ஆகாது என்று அந்த நாட்டு அரசியல்சாசன நீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான பாடம் சுலவேசித் தீவில் இருக்கிறது. அங்கே லவ்ஜே என்கிற மலைக்குடிகள். டானியா முர்ரே லீ என்கிற மானுடவியலாளர் 1990இலிருந்து இருபது வருசம் போய்வந்து, 2014இல் ஒரு புத்தகம் எழுதினார். லவ்ஜே நிலமும் நம்ம கொத்துக்காடு மாதிரிதான். முதலில் காட்டை வெட்டினவருக்கு உரிமை, அவர் சந்ததிக்கு உரிமை, இல்லாதவர் கேட்டால் ஒரு போகம் விதைத்துக்கொள்ளக் கொடுப்பார்கள். நெல்லும் சோளமும் கிழங்கும் போட்டுச் சாப்பிட்டார்கள். 1990களில் கோக்கோ வந்தது. கோக்கோ மரம். ஒரு போகத்தில் முடிகிற பயிர் இல்லை, நட்டால் வருசக்கணக்கில் நிற்கும். மரத்தை நட்டவனுக்கு நிலம் நிரந்தரமாகச் சொந்தமாகிவிட்டது. பொதுவாக இருந்த சரிவெல்லாம் துண்டு துண்டாயிற்று. வாங்கலாம், விற்கலாம். அதற்கு அவர்கள் பாஷையில் வார்த்தையே இல்லாததால் 'லோகாசி' என்று ஒரு வெளிவார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். மரம் காய்க்கும்வரை கடன், விலை இறங்கினால் கடன், ஆஸ்பத்திரிக்குக் கடன். கடனுக்கு நிலம். பதினைந்து இருபது வருசத்துக்குள் ஒரே வம்சத்தில் அண்ணன் நிலக்காரன், தம்பி கூலி. கூலி வேலையாவது கிடைத்ததா என்றால் அதுவும் போதவில்லை. கவனியுங்கள்: அங்கே எந்தக் கம்பெனியும் வந்து நிலத்தைப் பிடுங்கவில்லை, எந்த ராணுவமும் துரத்தவில்லை. நல்லா வாழணும் என்று அவர்களே விரும்பி நட்ட மரம்தான் கதவைச் சாத்தியது.

டீக்கடைக்காரர் இதைப் படித்தால் 'நான் சொன்னேன் பார்' என்பார். அதனால் இதோ சொல்லிவிடுகிறேன். விற்கிறவன் குடிகாரனாக இருப்பதால் நிலம் போவதில்லை. கடன் வந்தால் விற்றே தீரவேண்டிய பொருளாக நிலத்தைச் செய்து வைத்திருப்பதால் போகிறது. மலையில் குடிக்காதவன் நிலமும் போயிருக்கிறது, சமவெளியில் குடிக்கிற பண்ணையாரின் நிலம் போகவே இல்லை. கரும்பு வைத்திருப்பவருக்குக் கூட்டுறவு சங்கக் கடன் உண்டு, தள்ளுபடி உண்டு. கொத்துக்காட்டுக்காரனுக்கு மரவள்ளி வியாபாரியின் முன்பணம்தான் உண்டு.

நமக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம். நிபந்தனை என்ன? பத்து வருசம் விற்கவே கூடாது, அப்புறம் விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கவேண்டும், மீறினால் கிரயம் செல்லாது. நூற்றுமுப்பது வருசம் ஆயிற்று. செல்லாத கிரயத்தின் மேல் இன்றைக்குக் கல்யாண மண்டபம், கல்லூரி, தென்னந்தோப்பு எல்லாம் நிற்கிறது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். செல்லாத கிரயத்தைப் பதிந்து கொடுத்த எத்தனை அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைத்தது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

இங்கேதான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை. ஒரு கூட்டத்தில் நான் 'விற்க முடியாத பட்டா வேண்டும்' என்றதும் ஒரு இளைஞர் எழுந்தார். நல்லாப் படித்தவர், கோபக்காரர். "கவுண்டன் நெலத்துக்கு நிபந்தனை உண்டா? முதலியார் நெலத்துக்கு உண்டா? நமக்கு மட்டும் ஏங்க மூக்கணாங்கயிறு? நம்மள என்ன மைனர்னு நெனச்சானா? எல்லாரையும் மாதிரி வாங்கவும் விக்கவும் உரிமை குடு, அதுதான் சமத்துவம்." கை தட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. அந்தக் கோபம் நியாயமான கோபம். நம்மைச் சின்னப் பிள்ளையாக வைத்து, அரசாங்கம் அப்பன் வேசம் கட்டுவதை நானும் வெறுக்கிறேன்.

மைனர் என்று அவர் சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு நிரந்தர மைனர் இருக்கிறார். கோயிலுக்குள் இருக்கிற சாமி. அவருக்கு வயசே ஆகாது. அதனால் அவர் நிலத்தைத் தர்மகர்த்தா இஷ்டத்துக்கு விற்க முடியாது, அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கிரயம் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் அப்படி நாலே முக்கால் லட்சம் ஏக்கர் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதிலும் தின்கிறவன் தின்றுகொண்டுதான் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாமி நிலத்தை மீட்டோம், இத்தனை கோடி மதிப்பு என்று அரசாங்கம் வருசாவருசம் அறிவிப்பு விடுகிறது, புத்தகம் போடுகிறது. விற்க முடியாத நிலம் வைத்திருப்பதால் பழமலைநாதருக்கு அவமானம் என்று எந்த பக்தனும் சொன்னதில்லை. அவருக்குப் பசி இல்லை, கடன் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இல்லை. இருந்தும் அவ்வளவு காவல். பஞ்சமி நிலத்துக்கும் அதே மாதிரி விற்கத் தடை எழுத்தில் இருந்தது. ஒன்றுக்கு ஒரு தனித்துறை, தனி அதிகாரிகள், மீட்புக்கு ஆள், செலவுக்குப் பணம். இன்னொன்றுக்கு ஒரு பழைய அரசாணை மட்டும். நிபந்தனை நம்மைக் கெடுக்கவில்லை, தோழர். காவல் இல்லாத நிபந்தனை கெடுத்தது.

அப்புறம், காவல் யார் கையில் என்பதும் கேள்வி. தாசில்தார் கையில் கொடுத்தால் பஞ்சமி கதிதான். தமிழ்நாட்டில் அரசியல்சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூட கிடையாது. ஆந்திராவில் ஏஜென்சி பகுதி உண்டு. அங்கே 1970ஆம் வருசத்து ஒழுங்குமுறைப்படி பழங்குடி அல்லாதவன் கையில் நிலம் இருந்தால், அது பழங்குடியிடமிருந்து வந்ததில்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். அங்கேயும் ஓட்டை உண்டு, ஆனாலும் கோர்ட்டில் நிற்க ஒரு படி இருக்கிறது. கல்வராயனுக்கு, ஜவ்வாதுக்கு, சித்தேரிக்கு, கொல்லிமலைக்கு அதுவும் கிடையாது. ஏன் கிடையாது என்று இந்த மாநிலத்தை ஆண்ட ரெண்டு கழகத்தையும் கேட்கவேண்டும். பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி ஈரோடு மாவட்டத்துக்காரன் என்பதற்காகப் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. சேலத்து மலையாளிக்குச் சர்ட்டிபிகேட் உண்டு, அவன் பங்காளிக்கு இல்லை. மாவட்ட எல்லைக்கோடு சாதியை முடிவு செய்கிறது.

இருப்பது 2006ஆம் வருசத்து வன உரிமைச் சட்டம் ஒன்று. அதிலே எனக்குப் பிடித்தது மூன்று விசயம். கொடுக்கிற உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. கல்யாணமானவர்களுக்கு, புருசன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேரிலும் சேர்த்துத்தான் பத்திரம். மனுவைப் பரிசீலிப்பதைத் தொடங்கிவைக்கிற அதிகாரம் கிராமசபைக்கு. தனி ஆள் நிலம் தவிர, கடுக்காயும் புளியும் தேனும் எடுக்கிற காட்டுக்கு ஊர் முழுக்கச் சேர்த்துச் சமூக உரிமையும் கேட்கலாம். அதாவது கொத்துக்காட்டுக்கு வரப்பு போட்டுத் துண்டாக்காமலே அதை ஊருடையது என்று எழுதி வாங்க வழி இருக்கிறது. லவ்ஜேக்காரனுக்குக் கிடைக்காத வழி. தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? 2008இல் சென்னை உயர்நீதிமன்றம், எங்கள் அனுமதி இல்லாமல் பத்திரம் கொடுக்காதே என்று இடைக்கால உத்தரவு போட்டது. உச்சநீதிமன்றம் அதை நீக்கியது 2016 பிப்ரவரியில். எட்டு வருசம் போயிற்று. அந்த எட்டு வருசத்தில் அரசாங்கம் அந்தத் தடையை உடைக்கப் பதறியதாகத் தெரியவில்லை. தடை வனத்துறைக்கு வசதியாக இருந்தது.

பத்திரம் கிடைத்தாலும் பேங்க்காரன் அடமானம் பிடிக்கமாட்டான் என்கிறார்கள். உண்மைதான், விற்க முடியாததை அவன் எப்படி ஏலம் விடுவான்? அதற்கு வழி, பயிரின் மேல் கடன் கொடு என்று கூட்டுறவு சங்கத்தை நெருக்குவது. நிலத்தை ஏலத்துக்கு விடுகிற மாதிரி மாற்றிக்கொடு என்று கேட்பது நம் கழுத்துக்கு நாமே கயிறு அளந்து கொடுப்பது.

பெண்கள் பேரில் என்பதை மேலே ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அது ஒரு வரி விசயம் இல்லை. மலையாளி ஜனங்களிடம் பரியம் உண்டு, மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். சமவெளி ஆளுங்க மாதிரி வரதட்சணைக்கு ஸ்டவ் வெடிக்கிற சமாச்சாரம் அவர்களுடைய வழக்கமில்லை. ஆனால் நிலம் என்று வரும்போது அங்கேயும் மகனுக்குத்தான். சேரியிலும் அப்படித்தான், பொத்திப் பேச வேண்டாம். மேற்குச் சுமத்ராவின் மேட்டு நிலத்தில் மினாங்கபாவ் என்று ஒரு ஜனம். பூர்வீக நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்கு. விற்கக்கூடாது. அடமானம் வைக்கவும் நாலே காரணம்தான்: வீட்டில் பிணம் கிடந்து எடுக்க வழியில்லாதபோது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் நிற்கும்போது, பூர்வீக வீடு இடிந்தபோது, குலத்தலைவனுக்குப் பட்டம் கட்டவேண்டியபோது. அவர்கள் முஸ்லிம்கள், மார்க்கமும் தொழுகையும் உண்டு, நிலம் மட்டும் பொம்பளை வழி. இந்த ஏற்பாடு அங்கே முழுசாக நிற்கிறது என்று சொல்லமாட்டேன், சம்பாதித்த சொத்து வேறு வழியில் போகிறது. ஆனால் குடிகாரப் புருசன் சாராயக்கடைக்கு எழுதிக்கொடுக்கும் கதைக்கு அந்த நிலத்தில் இடமில்லை. டீக்கடைக்காரருக்கு என் பதில் இதுதான்: ஆம்பளை குடிப்பான் என்று பயமாக இருந்தால் பொம்பளை பேரில் கொடு. ஏன் வனத்துறை பேரில் கொடுக்கிறாய்?

கடைசியாக ஒரு முணுமுணுப்பு. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சொல்வார்கள். "அவங்க தங்களக் கவுண்டர்னு சொல்லிக்கிறவங்க தோழர். காஞ்சிபுரத்துலருந்து வந்த வேளாளன்னு கத வச்சிருக்காங்க. நம்மள வீட்டுக்குள்ள விடுவாங்களா? அவங்களுக்கு நாம ஏன் அலையணும்?" விடுகிறார்களா இல்லையா என்பதை மலைக்குப் போய் நேரில் கேட்போம், சண்டை போடவேண்டியிருந்தால் போடுவோம். கவுண்டர் என்கிற பட்டம் வாச்சாத்தியில் எந்தப் பெண்ணைக் காப்பாற்றியது? சாதிப்பெருமை சோறு போடாது என்பதை நாம் இன்னொரு சாதிக்குச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் நின்றுதான் சொல்ல முடியும். அதோடு, இது தர்மத்துக்கு அலைவது இல்லை. நெய்வேலி சுரங்கம் வந்தபோது என்ன நடந்தது என்பது இந்தத் தாலுக்காவுக்குத் தெரியும். 1894ஆம் வருசத்துச் சட்டத்தில் பட்டாதாரனுக்கு இழப்பீடு, அவன் வயலில் மூன்று தலைமுறை நாற்று நட்ட காலனிக்காரிக்கு ஒன்றுமில்லை. 2013 சட்டம் வந்த பிறகுதான் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எழுத்தில் ஏறியது. இன்றைக்கு அந்தச் சேரிப் பெண்களில் எத்தனை பேர் நம்ம தொழிற்பேட்டையில் அகல்விளக்குக்கும் பொம்மைக்கும் அச்சில் மண் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மண் அவர்கள் கையில், விலை வேறு எவன் கையிலோ. மலையில் கடுக்காய்க்கும் அதே கதை.

நம்ம ஊர்ப் புராணத்தில் சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்துக்கொண்டார். ஒரு காசு குறையாமல் கைக்கு வந்ததாம். மலைக்காரன் அந்த ஆற்றோடு எத்தனையோ அனுப்பிவிட்டான். எந்தக் குளத்திலும் திரும்பி வரவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். பஞ்சமி நிலத்துக்குச் சாட்சி தாலுக்கா ஆபீசில் தூசியில் கிடக்கிற பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, 'அ' பதிவேடு. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க நம் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மலைக்கு அப்படிப் பதிவேடு இல்லை என்று கை விரிப்பார்கள். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 13ஆம் விதியைப் படியுங்கள். காகிதம் மட்டும்தான் சாட்சி என்று அதில் இல்லை. மனு போட்டவர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாய்மொழியை எழுதிவைத்தால் அதுவும் சாட்சி. நிலத்தில் அவர்கள் போட்ட கரை, கட்டின வீடு, தோண்டின கிணறு, கும்பிடுகிற இடம், புதைத்த இடம் எல்லாம் சாட்சி. போன தையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆயா எங்களைச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் காட்டியது. "இது எங்க மாமியா. அது அவங்க மாமியா. அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கறது பேரு தெரியாது தம்பி, ஆனா எங்க ஆளுதான்." அந்த மேடுகளை அளந்து, திசை குறித்து, ஆயாவின் கைநாட்டோடு எழுதி வந்திருக்கிறோம். மூன்று சேரிகளிலிருந்து எழுதத் தெரிந்த பத்துப் பேர் வந்தால் மாசிக்குள் மீதி ஊர்களையும் எழுதிவிடலாம். பஸ் கள்ளக்குறிச்சியிலிருந்து இருக்கிறது. சாப்பாடு அவர்கள் வீட்டில், சாமைச்சோறு. விடுவார்களா மாட்டார்களா என்று கேட்டவரும் வரட்டும்.